திண்ணைப் பள்ளியா, ஸ்டாண்டர்டு ஸ்கூலா? எங்க ஊர் பசங்களுக்கு நாங்க எடுத்த முடிவு

தர்மபுரி ஜில்லா பாலக்கோட்டுல இருந்து உள்ள தள்ளி எங்க ஊர்ல ரெண்டு வருஷமா சாயங்கால வகுப்பு நடத்துறோம், ஆறு மணிக்கு ஆரம்பிச்சா எட்டு எட்டரை ஆயிடும், இப்போதைக்கு 19 பசங்க, 8 பொண்ணுங்க வர்றாங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் எங்க வீட்டுல இதே பேச்சுதான். எங்க பெரியப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். "அஞ்சாவது தனியா, ஆறாவது தனியா உக்கார வை, பாடத்த பிரிச்சுக்கோ, மாசம் ஒரு டெஸ்ட் வை, வரிசை இல்லாம படிப்பு வராதுடா"ன்னாரு, அதாவது ஸ்டாண்டர்டு வாரியா பிரிக்கற ஸ்கூல் மாதிரி. நான் "இல்லீங்க பெரியப்பா, அந்தக் கால திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரி அவனவன் எங்க நிக்கறானோ அங்கிருந்து போகட்டும்"னேன். கடைசில திண்ணை முறைதான்னு முடிவாச்சு, அதனால நான் அந்தப் பக்கம் சாஞ்சுதான் எழுதுறேன், மறைக்க வேண்டியதில்ல.

ரெண்டு முறையும் இந்த மண்ணுல நேருக்கு நேர் நின்னது வெள்ளைக்காரன் காலத்துலதான். தாமஸ் மன்றோ பேரு நம்ம ஆளுங்களுக்குத் தெரியும், 1792ல திப்பு கிட்ட இருந்து பாரமகால், அதாவது எங்க தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம், கம்பெனி கைக்குப் போனப்ப ரீடுன்ற கம்பெனி அதிகாரி கூட வந்து, தர்மபுரில இருந்துகிட்டு 1799 வரைக்கும் நிலவரிக் கணக்கு பார்த்தவரு. அவரே அப்பறம் மெட்ராஸ் கவர்னராகி 1822ல ஒவ்வொரு கலெக்டரையும் உங்க ஜில்லாவுல எத்தன பள்ளிக்கூடம், எத்தன பசங்கன்னு எண்ணி அனுப்பச் சொன்னாரு. 1826ல அவர் எழுதுன மொத்தக் கணக்குப்படி மாகாணம் முழுக்க ஏறக்குறைய 12,500 பள்ளிக்கூடம், 1 லட்சத்து 88 ஆயிரம் பிள்ளைங்க. ஒருத்தனுக்கு மாசம் நாலணால இருந்து எட்டணா வரைக்கும் ஃபீஸ், வாத்தியாருக்கு மாசம் ஆறேழு ரூபாய்க்கு மேல தேறாதுன்னும் அவரே எழுதியிருக்காரு. பெரும்பாலும் கவர்மெண்ட் சம்பளம்னு இல்லாம ஊர்க்காரங்க குடுத்த காசுலயும் தானியத்துலயும் ஓடுன பள்ளிகள் இதெல்லாம்.

திண்ணைல பாடம் எப்படி நடந்துச்சுன்னா, மொதல்ல மணல்ல விரல் வச்சு எழுத்து, அப்பறம் ஓலை. வாத்தியார் எழுத்தாணியால அவனவன் ஓலைல அவனவனுக்கு அடுத்த பாடத்தக் கீறிக் குடுப்பாரு, அத முடிச்சு ஒப்பிச்சாத்தான் அடுத்த ஓலை. ஒருத்தன் ஆத்திசூடில இருப்பான், பக்கத்துல உக்காந்தவன் எண்சுவடில, அதாவது வாய்ப்பாட்டுச் சுவடில, கீழ்வாய் இலக்கத்துல, நாம இப்ப பின்னம்னு சொல்றதுல, இருப்பான். பெரிய பையன் சட்டாம்பிள்ளை, அவன் சின்னவங்களுக்கு சொல்லிக் குடுப்பான். இத எழும்பூர்ல சோல்ஜருங்க பிள்ளைகளுக்காக 1789ல ஆரம்பிச்ச அநாதைப் பள்ளிய நடத்துன ஆண்ட்ரூ பெல்லுன்ற பாதிரியார் பாத்துட்டு, அதே மாதிரி பசங்கள வச்சே பசங்களுக்கு சொல்லிக் குடுத்தாரு, 1797ல லண்டன்ல புஸ்தகமா போட்டாரு, இங்கிலாந்துல அதுக்கு மெட்ராஸ் முறைன்னே பேரு. நம்ம சட்டாம்பிள்ளைய பாத்து அவங்க ஊர்ல ஏகப்பட்ட பள்ளிக்கூடம் நடந்துச்சுன்றத நெனச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு நிறையுது.

ஆனா அங்க இருந்து இங்க திரும்பி வந்தது வேற. 1862ல இங்கிலாந்துல ஸ்டாண்டர்டு ஒண்ணு, ஸ்டாண்டர்டு ரெண்டுன்னு பிரிச்சு, இன்ஸ்பெக்டர் வந்து எத்தன பேரு பாஸுன்னு பாத்து மானியம் குடுக்கற முறை வந்துச்சு, மெட்ராஸ் மாகாணத்துலயும் அதே மாதிரி ரிசல்ட் பாத்து மானியம் குடுத்தாங்க. நாம இன்னைக்கும் பையன பாத்தா "எந்த ஸ்டாண்டர்டு?"ன்னு கேக்கறமே, அதோட வேர் அங்கதான் இருக்கு.

ஒழுங்கு, பில்டிங், மேப்பு, சயின்ஸு இதுலல்லாம் ஸ்டாண்டர்டு ஸ்கூல்தான் மேல, அதுல பேச்சே இல்ல. நான் பாக்கறது ஒரே ஒரு விஷயம்தான்: நடுவுல மூணு மாசம் காணாம போன பையன் திரும்பி வந்தா அவனுக்கு எடம் இருக்கா?

வேற ஊர்க்காரங்களுக்கு இது சின்ன விஷயமா தெரியலாம். எங்க பக்கம் மழை பொய்ச்சா குடும்பத்தோட பெங்களூர் கட்டட வேலைக்குப் போயிடுவாங்க, சில பேரு செங்கல் சூளைக்கு, சில பேரு கரும்பு வெட்ட, புளி சீசன் வந்தா வீடு முழுக்க உக்காந்து புளி தட்டிக் கொட்டை எடுக்கும், பசங்களும்தான். நான் ஆறாவது படிக்கும்போது அப்பா அம்மா கூட பெங்களூர் போயிட்டு அரைப்பரிச்ச முடிஞ்சுதான் திரும்பி வந்தேன். வந்தப்ப க்ளாஸ் பின்னத்தத் தாண்டி தசமத்துக்குப் போயிடுச்சு. சார் மேல தப்பு சொல்ல மாட்டேன், அவர் முன்னாடி அறுபது பேரு, எனக்காக க்ளாஸ பின்னாடி இழுக்க முடியாது. அன்னைக்கு விட்ட பின்னம் பத்தாவது வரைக்கும் என்னத் தொரத்துச்சு, கணக்கு பீரியடு வந்தாலே வயித்தக் கலக்கும். எங்கூட வந்த ரெண்டு பேரு அந்த வருஷத்தோட நின்னேபோயிட்டாங்க.

திண்ணைல அந்தப் பையன் விட்டுட்டு வர்றதுக்கு க்ளாஸ்னு ஒண்ணே கிடையாது. அறுப்புக்குப் போனான், ஒரு மாசம் கழிச்சு வந்தான், அவன் ஓலை எங்க நின்னுச்சோ அங்க உக்காருவான், அவ்ளோதான். நாங்களும் அதத்தான் பண்ணோம். ஆளுக்கு ஒரு நோட்டு, அதுல அடுத்த பாடத்த நாங்க கையாலயே எழுதிக் குடுக்கறோம், நின்ன எடத்துல ஒரு நூல் வச்சுருவோம். போன சீசன்ல ஆறு பசங்க வேலைக்குப் போற குடும்பத்தோட போனாங்க, ஆறு பேரும் திரும்ப வந்து உக்காந்தாங்க, நாலு பேரு நூல் வச்ச எடத்துல இருந்தே ஆரம்பிச்சாங்க, ரெண்டு பேருக்கு மட்டும் அஞ்சாறு பக்கம் பின்னாடி போக வேண்டியிருந்துச்சு. எங்க ஊர்ல தெலுங்கு பேசற வீடுங்க உண்டு, அந்த சின்னப் பசங்களுக்கு தெலுங்கு தெரிஞ்ச பெரிய பையனே கழித்தல்ல கடன் வாங்கறது எப்படின்னு சொல்லிக் குடுக்கறான், அது என்னால முடியாது. சின்ன க்ளாஸ் பசங்களுக்கு கவர்மெண்டு நடத்துற எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு நிலை வாரியா பிரிக்கறதும் இந்த வழில வர்றதுதான்னு நான் நெனக்கிறேன்.

இப்ப பெரியப்பா பக்கத்துக்கு வர்றேன், ஏன்னா அவர் சொன்னதுல ரெண்டு விஷயத்துக்கு என்கிட்ட பதில் இல்ல. ஒண்ணு, அந்தத் திண்ணை யாரோட திண்ணை? சேரிப் பிள்ளைக்கு அங்க எடமில்ல, பொண்ணுங்க ரொம்ப ரொம்பக் கம்மி. "உன் தாத்தாவுக்கு முந்தின தலைமுறைல நம்மள எவன்டா திண்ணைல ஏத்துனான்?"ன்னு அவர் கேட்டப்ப நான் வாயத் தொறக்கல. வெள்ளைக்காரன் ஸ்கூல்லயும் கதவு லேசுல தொறக்கல, அக்ரஹாரத்துக்குள்ள ஸ்கூல் இருந்தா அந்தத் தெருவுக்குள்ள நடக்கவே விடலையே, ஆனா கேக்கறதுக்கு ஒரு சட்டமாவது இருந்துச்சு. அதனாலதான் கோயில் மண்டபம் சும்மா கெடச்சும் வேணாம்னு பால் சொசைட்டி ஷெட்டக் கேட்டு வாங்குனோம், அங்க எல்லாத் தெரு ஆளும் கேனோட வந்து போறாங்க.

ரெண்டாவது, சர்டிபிகேட்டு. தொரப்பள்ளில 1878ல பொறந்த ராஜாஜி ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சு, ஓசூர்ல படிச்சு, 1891ல மெட்ரிகுலேஷன், 1894ல பெங்களூர் சென்ட்ரல் காலேஜ்ல டிகிரின்னு படி ஏறுனாரு, அந்த ஏணி இருந்தது இங்கிலீஷ்காரன் ஸ்கூல்லதான். 1844லயே இங்கிலீஷ் படிச்சவனுக்குத்தான் கவர்மெண்ட் வேலைல முன்னுரிமைன்னு ஆர்டர் போட்டுட்டாங்க, அப்பறம் எண்சுவடி எவ்ளோ மனப்பாடமா தெரிஞ்சாலும் யாரு வேலை குடுப்பா? அதே ராஜாஜி 1953ல முதலமைச்சரா இருந்தப்ப பாதி நாள் ஸ்கூல், மீதி நாள் அப்பன் தொழில்னு கொண்டுவந்தத மக்கள் குலக்கல்வின்னு சொல்லி எதுத்தாங்க, 1954ல காமராஜர் வந்து நிறுத்துனாரு. வேலைக்குப் போற பையனுக்கு ஏத்த மாதிரி ஸ்கூல் வளையணும்னு நான் சொல்றப்பல்லாம் பெரியப்பா இதத்தான் ஞாபகப்படுத்துவாரு. அவர் பயம் நியாயமானது. அதனால எங்க வகுப்புக்கு வர்றவன் பகல் ஸ்கூலுக்கும் போயே ஆகணும், அதுல விட்டுக்குடுக்கறதில்ல.

கணக்குக்கும் தமிழுக்கும் இந்த முறை நல்லா ஓடுது. பத்தாவது சயின்ஸுக்கு ஒத்து வருமான்னு என்னால சொல்ல முடியல, எங்ககிட்ட பெரிய க்ளாஸ் பசங்க மூணே பேருதான், இங்கிலீஷும் தடுமாறிக்கிட்டுத்தான் இருக்கு. அம்பது பேரு வந்தா நோட்டு நோட்டா பாடம் எழுதிக் குடுக்க கை தாங்காது, ஒருவேளை அப்ப பெரியப்பா சொன்ன மாதிரி பிரிக்க வேண்டி வரலாம்.

உங்க ஊர்ல ஆரம்பிக்கறதா இருந்தா போர்டு, பெஞ்சுக்கு அலையாதீங்க, மொதல்ல பொறுமையா சொல்லிக் குடுக்கற பெரிய பசங்க ரெண்டு மூணு பேர புடிங்க, நோட்ட பசங்க கிட்ட குடுத்து அனுப்பாம உங்ககிட்டயே வச்சுக்கோங்க. மாசியில புளி இறங்கறதுக்கு முன்னாடி யார் யார் போறாங்கன்னு வீட்டுல போய்க் கேட்டு எழுதி வச்சுருங்க.