கணக்குப்பதிவியலின் முதல் வாரங்கள்: விதியா, சமன்பாடா, கடைக் கணக்கா, கணினியா?

பத்தாம் வகுப்பு முடித்து வணிகவியல் பிரிவில் சேரும் மாணவர்களில் பெரும்பாலோர், வீட்டு வரவு செலவைத் தாண்டி எந்தக் கணக்கும் எழுதிப் பழகாமலேயே கணக்குப்பதிவியல் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். முதல் சில வாரங்களில் எதை எந்த வரிசையில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே, அடுத்த இரண்டு ஆண்டுகளும் அவர்கள் புரிந்து எழுதுவதும் உருப்போட்டு எழுதுவதும் அமைகின்றன. ஆகவே, இப்பாடத்தை அறிமுகப்படுத்தும் வழிகளை மதுரைப் பிள்ளைகளுக்குப் பழக்கமான கடைகளை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

நெடுங்காலமாகப் புழங்கிவரும் வழி, மூன்று பொன் விதிகளில் தொடங்குவது. பற்று என்பது கணக்கின் இடப்பக்கத்தில் எழுதுவது, வரவு என்பது வலப்பக்கத்தில் எழுதுவது. ஆள்சார் கணக்கில் பெறுபவரைப் பற்று செய்து தருபவரை வரவு வைக்க வேண்டும். சொத்துக் கணக்கில் உள்ளே வருவதைப் பற்று செய்து வெளியே செல்வதை வரவு வைக்க வேண்டும். பெயரளவுக் கணக்கில் செலவையும் நட்டத்தையும் பற்று செய்து வருமானத்தையும் இலாபத்தையும் வரவு வைக்க வேண்டும். இவற்றை மனப்பாடம் செய்த மாணவர் சில நாட்களிலேயே, கொடுக்கல் வாங்கல்களைத் தேதி வாரியாகப் பற்று, வரவு எனப் பிரித்து எழுதும் குறிப்பேட்டுப் பதிவுகளை எழுதத் தொடங்கிவிடுவார். தேர்வுக்கு இது கைகொடுக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் வாடகைக் கணக்கு பெயரளவுக் கணக்கு என்று படித்த அதே மாணவரிடம், கொடுபட வேண்டிய வாடகை ஆள்சார் கணக்கு என்று பிற்பாடு சொல்லும்போது அவர் திகைத்து நிற்கிறார். அந்தத் தொகை கட்டட உரிமையாளர் என்ற ஓர் ஆளுக்குச் சேர வேண்டியது என்ற காரணத்தை விதி தானாகச் சொல்வதில்லை. 1494இல் வெனிஸ் நகரில் அச்சான தம் நூலில், ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்றாகவும் வரவாகவும் எழுதும் இரட்டைப்பதிவு முறையை விளக்கிய இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலிகூட, நடந்ததை நடந்தபடி எழுதும் நாட்குறிப்பை முதலிலும், குறிப்பேட்டையும், கணக்கு வாரியாகத் தொகுக்கும் பேரேட்டையும் அதன் பின்னுமே வைத்தார். நம் வகுப்பறைகளில் அந்த முதல் ஏடுதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

இரண்டாவது வழி, சொத்துகள், பிறருக்குத் தர வேண்டிய பொறுப்புகளுக்கும் உரிமையாளர் போட்ட முதலுக்கும் சமம் என்ற கணக்கியல் சமன்பாட்டில் தொடங்குவது. பொருளைக் கடனுக்கு வாங்கினால் சரக்கும் கூடும், கடனீந்தோருக்குத் தர வேண்டியதும் கூடும். இரு பக்கமும் சமமாகவே நிற்கும். காரணத்தோடு சேர்த்துச் சொல்வதால் விதிகளைவிட இது மேலானது என்றே கருதுகிறேன். ஆயினும், எடுத்துக்காட்டே இல்லாமல் கரும்பலகையில் எழுதப்படும் சமன்பாடு, மாணவருக்கு இன்னொரு கணிதப் பாடமாகவே தோன்றிவிடும். எனவே எந்தக் கடையை எடுத்துக்காட்டாகக் கொள்வது என்ற கேள்வி இங்கே முக்கியமாகிறது.

மதுரையில் உடனே நினைவுக்கு வருவது பூ வியாபாரம். மாட்டுத்தாவணி சந்தையில் காலையில் 1,200 ரூபாய்க்கு மல்லிகை வாங்கி, நாருக்கு 50 ரூபாய் செலவழித்து, கட்டிய பூவை இரவுக்குள் 1,700 ரூபாய்க்கு விற்றுவிட்டால் இலாபம் 450 ரூபாய். மறுநாளைக்கு வைத்து விற்கும் சரக்கோ, கடன் பாக்கியோ இதில் இல்லை. கல்லாப்பெட்டியில் கூடிய பணமே இலாபம். அந்தப் பெட்டியிலிருந்து வீட்டுக் காய்கறிக்கு 100 ரூபாய் எடுத்தால் அது கடைச் செலவாகாது, உரிமையாளரின் எடுப்பு என்பதையும் முதல் நாளிலேயே புரியவைத்துவிடலாம். இவ்வளவு எளிமையான எடுத்துக்காட்டு வேறு கிடைப்பது அரிது. ஆனால் கையில் கூடிய பணம்தான் இலாபம் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் வேரூன்றிவிடும் ஆபத்தும் இந்த எளிமையில்தான் இருக்கிறது.

சுங்குடிச் சேலை வியாபாரத்தை எடுத்துக்கொண்டால் அந்த ஆபத்து நீங்குகிறது. ஒருவர் சொந்தப் பணம் 50,000 ரூபாயும் கடன் 20,000 ரூபாயும் போட்டுத் தொழில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேலை 600 ரூபாய் வீதம் 100 சேலைகளை ரொக்கத்துக்கு வாங்குகிறார். அவற்றில் 60 சேலைகளை 800 ரூபாய் வீதம் விற்கிறார். அவற்றுள் 20 சேலைகள் கடன் விற்பனை. வாடகைக்கும் போக்குவரத்துக்கும் 5,000 ரூபாய் செலவாகிறது. மாத முடிவில் கையில் இருப்பது 37,000 ரூபாய். 70,000 ரூபாய் 37,000 ஆகிவிட்டதே, 33,000 ரூபாய் நட்டம் என்றுதான் மாணவர் முதலில் சொல்வார். விற்ற சேலைகளின் அடக்கம் 36,000, செலவு 5,000, விற்பனை 48,000 என்று எழுதிப் பார்க்கும்போதுதான் 7,000 ரூபாய் இலாபம் வந்திருப்பது அவருக்குத் தெரிகிறது. ரொக்கம் 37,000, கடனாளிகளிடமிருந்து வர வேண்டியது 16,000, எஞ்சிய 40 சேலைகளின் அடக்கம் 24,000 ஆகியவற்றைக் கூட்டினால் 77,000. மறுபக்கம் கடன் 20,000, முதல் 50,000, இலாபம் 7,000, அதுவும் 77,000. செட்டிநாட்டு வட்டிக்கடைகளில் ஐந்தொகை என்று வழங்கிய இருப்புநிலைக் குறிப்பை, அந்தப் பெயரைக் கேள்விப்படும் முன்பே மாணவர் தம் கையால் எழுதி முடித்திருப்பார். இலாபம் வந்த மாதத்திலேயே கடன் தவணை கட்டக் கையில் பணம் இல்லாமல் போகலாம் என்ற நிதி மேலாண்மைப் பாடத்தையும் இதே கணக்கைக் கொண்டு நடத்திவிடலாம்.

டேலி என்ற கணக்கு மென்பொருளிலிருந்தே தொடங்கலாம் என்பவர்களும் உண்டு. வேலைவாய்ப்பை எண்ணிப் பெற்றோர் அதை விரும்புவது இயல்பே. பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலிலும் அது இடம்பெற்றுள்ளது. ஆனால் எஃப் 5 செலுத்துகைக்கு, எஃப் 6 பெறுகைக்கு, எஃப் 8 விற்பனைக்கு என்று விசைகளைப் பழகுவது கணக்கைப் பழகுவதாகாது. பற்றும் வரவும் சமமாகாத பதிவை அம்மென்பொருள் ஏற்காது என்பது உண்மைதான். கடைக்கு வாங்கிய தையல் இயந்திரத்தைச் சொத்தாக எழுதாமல் செலவுக் கணக்கில் எழுதினாலோ, இரு பக்கமும் சமமாக இருப்பதால், மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். பற்று, வரவு மொத்தங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் இருப்பாய்வும் சரியாகவே வரும். இலாபம் மட்டும் தவறாக இருக்கும். அந்தத் தவற்றைக் கண்டுபிடிக்கும் அறிவு, கையால் எழுதிப் பழகியவருக்கே எளிதில் வாய்க்கும்.

ஆகவே, முதலிரண்டு வகுப்புகளில் பூக்கடையின் ரொக்கக் கணக்கு, அதையடுத்துச் சேலைக் கடையின் முழு மாதக் கணக்கு, அதிலிருந்தே சமன்பாடு, அதன் பிறகு விதிகள், இறுதியாகக் கணினி என்ற வரிசையையே நான் பரிந்துரைப்பேன். இதற்குக் கூடுதல் வகுப்புகள் தேவைப்படும். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் இருக்கும் ஆசிரியருக்கு அது சுமைதான். ஆனால் இறுதிக் கணக்குகளுக்கு வரும்போது கொடுபட வேண்டிய வாடகை போல விடுபட்டவற்றைச் சேர்க்கும் சரிக்கட்டுப் பதிவுகளை மீண்டும் மீண்டும் விளக்க வேண்டிய நேரம் குறையும் என்பதால், அந்தச் சுமையை ஏற்பதில் நட்டமில்லை.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளிகளில் சேலைக் கடைக்குப் பதிலாக ஊர் மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளலாம். கடன் நோட்டும் மிச்சச் சரக்கும் அங்கேயும் உண்டு. எந்தக் கடையானாலும் தொகைகளை ஆசிரியரே அமைத்துத் தர வேண்டும். வீட்டுக் கடையின் உண்மைக் கணக்கை எழுதி வரும்படி பிள்ளைகளிடம் கேட்கக் கூடாது. எத்தனையோ குடும்பங்களின் கடன் விவரம் அந்த நோட்டுகளில் இருக்கிறது. அதை வகுப்பில் நாற்பது பேர் முன்னால் படித்துக் காட்டும் நிலைக்கு எந்தப் பிள்ளையையும் தள்ளிவிடக் கூடாது.