டூக்ஸ்பரி போனால் குரோவைக் கேளுங்கள்

இங்கிலாந்தில் டூக்ஸ்பரி ஊரின் பழைய தேவாலயமான அபேயில் ஆர்கன் கச்சேரி என்று யாராவது சொன்னால், கிளம்பும் முன் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள்: வாசிக்கப்போவது மில்டனா, குரோவா? இரண்டும் ஒரே தேவாலயத்தில் இருக்கும் பெரிய பைப் ஆர்கன்களின் பெயர்கள்; குழாய்களில் காற்றை ஊதி ஒலிக்கும் கீபோர்டு வாத்தியம். பாடகர் குழுவோடு வழக்கமாக ஒலிப்பது மில்டன். அதுவும் நல்ல ஆர்கன்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் பர்மிங்காமிலிருந்து ரயிலேறிப் போய்க் கேட்க வேண்டியது, வடக்குச் சிறகில் ஒதுங்கி நிற்கும் குரோவை.

என்னுடன் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த அத்தை அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "என்ன மக்களே, இதுக்கு மூடி போட மறந்துட்டாவளா?" நியாயமான கேள்விதான். தேவாலய ஆர்கன் என்றால் செதுக்கு வேலை செய்த மரக்கூடு இருக்கும், அதன் முகப்பில் பளபளவென்று குழாய்கள் வரிசையாக நிற்கும். இதற்குக் கூடே கிடையாது. குழாய்கள் அப்படியே வெட்டவெளியில் நிற்கின்றன. ஆர்மோனியம் ரிப்பேர் செய்யும் வீட்டில் வளர்ந்தவன் நான். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. எது எங்கே இருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம்.

இது தேவாலயத்துக்காகச் செய்த ஆர்கனே இல்லை. 1885-இல் லண்டன் சவுத் கென்சிங்டனில் கண்டுபிடிப்புகளுக்கென்று ஒரு சர்வதேசக் கண்காட்சி நடந்தது. கார்ல்டன் மிச்செல், வில்லியம் தின் என்ற இருவர் தங்கள் கம்பெனியின் திறமையைக் காட்ட, நான்கு கீபோர்டுகளோடு இதைச் செய்து அங்கே நிறுத்தினார்கள். அடுத்த வருடம் லிவர்பூல் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு குரோவ் என்ற பாதிரியார் அதை விலைக்கு வாங்கி, விக்டோரியா ராணியின் பொன்விழா ஆண்டான 1887-இல் அபேக்குக் கொடுத்தார். பெயர் அப்படி வந்ததுதான்.

கண்காட்சிச் சரக்கு என்றால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன், வெளிப்பூச்சு மட்டும்தான் இருக்கும் என்று. இங்கே கதை தலைகீழ். பணம் கொடுத்து "இப்படிச் செய், இதை விட்டுவிடு" என்று சொல்ல ஆளில்லாததால், இருவரும் தங்களுக்குப் பிடித்ததையெல்லாம் செய்து பார்த்திருக்கிறார்கள். மூலக் கோரஸ், அதாவது ஆர்கனின் அடிப்படை ஒலியைத் தரும் குழாய் வரிசைகள், ஆர்கன் செய்த ஜெர்மானியர் எட்மண்ட் ஷுல்ட்சேயின் வழியில் அமைந்தன. லீட்ஸ் பக்கம் ஆர்ம்லியில் உள்ள ஷுல்ட்சே ஆர்கனைக் கேட்டவர்களுக்கு உடனே பிடிபடும்: பெரிய சத்தம், ஆனால் தொண்டை கிழியாத சத்தம். வில்லியம் தினுக்கு வயலின் மேல் பைத்தியம். ஒல்லியான உலோகக் குழாய்களிலிருந்து வில் இழுக்கும் ஒலியை வரவைத்திருக்கிறார். கண்ணை மூடினால் சரம் தேயும் அந்த மெல்லிய உராய்வுகூடக் கேட்கும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஸாபர்ஃப்ளோட்டே என்ற ஸ்டாப், அதாவது ஒரே குணமுள்ள குழாய்களின் ஒரு வரிசை. தலை மூடிய குழாய்க்கு அதன் சொந்தச் சுரத்துக்கு மேல் அடுத்துக் கிடைப்பது, இரண்டாவதைத் தாண்டி, மூன்றாவது அனுசுரம் (சொந்தச் சுரத்தின் மூன்று மடங்கு அதிர்வுள்ள மேல்சுரம்). தின் அந்த அனுசுரத்தையே ஒலிக்கவிட்டார். அதற்காகக் குழாயின் நீளம் வழக்கத்தைவிட மூன்று மடங்கு. இத்தனை தகரம் செலவழித்து ஒரு சின்னப் புல்லாங்குழல் சத்தமா என்று கேட்கலாம். கேட்டுப் பாருங்கள், அப்புறம் பேசுவோம். அன்று வாசித்தவர் ஒரு மெதுவான பகுதியில் அதைத் தனியாக இழுத்தபோது, பக்கத்திலிருந்த அத்தை மிட்டாய் உறை பிரிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

டூபா என்ற உரத்த ஸ்டாப் மட்டும் வேறு சாதி. அது கிளம்பும்போது வடக்குச் சிறகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நெஞ்சுக்கூடு அதிரும். இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் நடுக்கூடத்தில் பாதி தூரம் பின்னால் போய் உட்காருங்கள். அந்தத் தடித்த நார்மன் தூண்களைத் தாண்டி வரும்போது ஒலி ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் எத்தனையோ விக்டோரியா காலத்து ஆர்கன்களை நவீனமாக்குகிறோம் என்று குழாய்களை மாற்றிக் கெடுத்தார்கள். இது தப்பித்ததற்கு, அன்றாட வேலையை மில்டன் பார்த்துக்கொண்டதும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. 1948 வாக்கில் ஆர்கன் செய்யும் வாக்கர் கம்பெனி இரண்டையும் ஒரே கன்சோலில் (வாசிப்பவர் உட்காரும் கீபோர்டு மேசையில்) இணைக்கப் பார்த்தது. திட்டம் முடியாமல் நின்றுபோனது. நல்லவேளை! பிறகு 1981-இல் பிஷப் கம்பெனி பழுது பார்த்தபோது ஒலியில் கைவைக்கவில்லை. பழுது பார்ப்பவர் அடக்கி வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் பார்த்தவன் என்பதால் இதற்குத் தனியாக ஒரு சபாஷ்.

மில்டனும் வந்தேறிதான். ஆக்ஸ்ஃபோர்டு மாடலின் கல்லூரியிலிருந்து, பதினேழாம் நூற்றாண்டில் கிராம்வெல் ஆட்சி செய்த காலத்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குப் போய், திரும்பி வந்து, 1737-இல் டூக்ஸ்பரி சேர்ந்தது. கவிஞர் மில்டன் அதை வாசித்தார் என்பது செவிவழிக் கதை.

அபேக்குள் நுழையக் கட்டணம் இல்லை, காணிக்கை போடலாம். கச்சேரிக்கு என்ன ஏற்பாடு என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் போனால் ஆஷ்சர்ச் ஸ்டேஷனில் இறங்கி, ஊருக்கு இரண்டு மைல் போல பஸ் அல்லது டாக்சி. எல்லா ரயிலும் அங்கே நிற்காது. திரும்பும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலமானாலும் ஸ்வெட்டர் வேண்டும், கல் கட்டடம்.