பொஸ்பேட் என்று சொல்லி கறுப்பு பெயின்ட் அடித்துத் தந்தார்கள்

பழைய பைக் சாமான்கள் கறள் ஏறாமலிருக்க பொஸ்பேட் பூச்சுப் போட கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் ஆள் தேடுகிறவர்கள், காசு கொடுக்க முன் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். எனக்கு 18,500 ரூபாய் போனது. அதைவிட, போன சாமான் திரும்ப வராது என்பதுதான் மனதை அரிக்கிறது.

அப்பப்பாவின் பிஎஸ்ஏ எம்20, இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள். வெள்ளவத்தையில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி எங்கள் கராஜில் வருடக்கணக்காகக் கிடந்ததில் உப்புக் காற்று பட்டு போல்ட், நட், பிராக்கெட், உதைத்து ஸ்டார்ட் பண்ணும் கிக்கரின் ஸ்பிரிங் எல்லாம் கறள் ஏறிவிட்டது. அந்த வண்டிக்கு மினுக்கிற குரோம் பொருந்தாது. அந்தப் போரில் அமெரிக்கப் படையின் துப்பாக்கிகளுக்கு பார்க்கரைசிங் என்று ஒரு பொஸ்பேட் பூச்சுப் போட்டார்களே, அந்த மினுக்கமில்லாத சாம்பல் கறுப்புத்தான் எனக்கு வேண்டும். அதற்கு முன்னோடியான முறைக்கு கொஸ்லெட் என்பவர் 1906இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் காப்புரிமை எடுத்தார், பிஎஸ்ஏயும் துப்பாக்கி செய்யத் தொடங்கியது அதே ஊரில்தான், அதனால் இந்தப் பூச்சில் எனக்கு ஒரு பிடிவாதமே இருந்தது.

கடைக்காரர் நன்றாகக் கதைத்தார். "பயப்பட வேணாம் தம்பி, மங்கனீசு பொஸ்பேட்தான், நாங்க எத்தனையோ செய்திருக்கிறோம்" என்றார். நான் தொட்டியைக் காட்டச் சொல்லவில்லை, பில்லும் கேட்கவில்லை. 9,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாளில் தருவதாகச் சொன்னது ஐந்து வாரமானது.

வாங்கும்போது எல்லாம் அழகான கறுப்பு. வீட்டில் ஒரு போல்ட்டில் கிரீஸ் பட்டதைத் தின்னர் துணியால் துடைத்தேன், துணி கறுத்தது, அடியில் வெள்ளை இரும்பு தெரிந்தது. மற்றதையும் துடைத்துப் பார்த்தேன், எல்லாம் அப்படித்தான். ஸ்பிரே பெயின்ட்.

உண்மையான பொஸ்பேட் தின்னருக்குக் கரையாது. அது மேலே பூசுவதல்ல, சூடான பொஸ்போரிக் அமிலக் கரைசலில், மங்கனீசு என்றால் 90 பாகை செல்சியஸுக்கு மேலே, ஆனால் கொதிக்க விடாமல் வைத்து, இரும்பின் மேற்பரப்பிலேயே பளிங்காக வளரவைப்பது. முதலில் எண்ணெய்ப்பசை துளியும் இல்லாமல் கழுவி, மணல் அடித்துச் சொரசொரப்பாக்க வேண்டும். கரைசலில் போட்டதும் குமிழ் வரும், குமிழ் அடங்கினால் வேலை முடிந்தது என்று எடுத்து, வெந்நீரில் அலசிக் காயவைத்து உடனே எண்ணெயில் போட வேண்டும். அந்தப் பளிங்கு எண்ணெயைக் குடித்துப் பிடித்துவைத்திருப்பதால்தான் கறளைத் தாங்குகிறது. எண்ணெய் இல்லாத வெறும் பூச்சு நம் கடற்கரைக்கு நிற்காது.

சரி, பெயின்ட் என்றால் உரித்துவிடலாம். கறளை எடுக்க இவர்கள் எல்லாவற்றையும் கடும் அசிட்டில் ஊறப் போட்டிருக்கிறார்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மரைகள் தேய்ந்து நட்டுகள் ஆடுகின்றன. அந்த வண்டியில் நிறைய மரை அங்குலத்துக்கு 26 என்ற பழைய சைக்கிள் மரை, ஹார்ட்வெயாரில் போய் மெட்ரிக் போல்ட் வாங்கிப் போட முடியாது. கிக்கர் ஸ்பிரிங்கை மாட்டி நாலாவது உதைக்கு இரண்டாக உடைந்தது. கொட்டாஞ்சேனையில் லேத் போடும் பாஸ் ஒருவர் உடைந்த வாயைப் பார்த்ததுமே "அசிட்டில கிடந்ததா?" என்று கேட்டார். கடினமான ஸ்பிரிங் உருக்கு அசிட்டில் கிடந்தால் ஐதரசன் உள்ளே போய் நொறுங்கும் தன்மை வந்துவிடும், பிறகு சூளையில் பல மணி நேரம் சூடேற்றி அதை வெளியேற்ற வேண்டும். அதனால் ஸ்பிரிங்கை யாரிடமும் அசிட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

திரும்பப் போய்க் கேட்டேன். "கறுப்பாத்தானே கேட்டீங்க, கறுப்பாத்தானே தந்திருக்கோம்" என்றார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து முறையிடலாம் என்று பார்த்தால் என் கையில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. நீங்களாவது என்ன பூச்சு என்று எழுதி பில் வாங்குங்கள், முதலில் ஒரே ஒரு பழைய நட்டைக் கொடுத்து, வந்ததும் அவர் முன்னாலேயே தின்னர் போட்டுத் துடையுங்கள். தொட்டியைக் காட்ட மறுத்தால் அப்படியே வந்துவிடுங்கள்.

எம்20 கிக்கர் ஸ்பிரிங் யாரிடமாவது கிடந்தால் சொல்லுங்கள், எந்த ஊரென்றாலும் வந்து எடுத்துக்கொள்கிறேன்.