கையேட்டில் இல்லாத கட்டளைகள்: 8085-ஆ, 6502-ஆ?

ரங்கூனில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 8085 என்ற இன்டெல் நுண்செயலி (கணினியின் மூளையான சிப்) உள்ள பயிற்சிப் பலகையில் ஒவ்வொரு பட்டனாகத் தட்டி ஏற்றிய நிரல், கரண்ட் போனால் அழிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டும். அதனால் ஒரு பைட் குறைந்தாலும் எங்களுக்குப் பெரிய லாபம்.

சிப்புக்குள் எண்களை வைக்கும் சிறு இடங்களுக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். அவற்றில் எச்-எல் ஜோடியிலிருந்து பி-சி ஜோடியைக் கழிக்க, கையேட்டு வழியில் ஆறு பைட், 24 கடிகாரத் துடிப்பு. என் அக்கா மகனை 08 என்று ஒரே ஒரு பைட் தட்டச் சொன்னேன். 10 துடிப்பில் விடை!

"மாமா, இது புத்தகத்திலேயே இல்லையே?"

இல்லைதான். 8085-இல் கட்டளைகளுக்குச் சாத்தியமான 256 ஒரு-பைட் குறியீடுகளில் இன்டெல் 246-ஐத்தான் வெளியில் சொன்னது. மிச்சம் பத்தும் வேண்டுமென்றே வடிவமைத்தவை, உருப்படியாக வேலை செய்பவை. பின்னால் வந்த 8086 சிப் அவற்றையும் சுமக்க வேண்டாம் என்று மறைத்துவிட்டார்கள் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.



6502 என்ற இன்னொரு நுண்செயலியின் கதையே வேறு. 1975-இல் 25 டாலருக்கு விற்க வந்த சிப் அது. 256-இல் 151 மட்டுமே அறிவிக்கப்பட்டவை. மற்ற 105-ஐயும் தடுத்து நிறுத்தக் கூடுதல் டிரான்சிஸ்டர் வேண்டும்; சிப் பெரிதாகும், விலை ஏறும். அதனால் அப்படியே விட்டுவிட்டார்கள். விட்டதன் விளைவைத் தாளில் எழுதிப் பாருங்கள்:

10100101 – ஏ ரெஜிஸ்டரில் ஏற்று
10100110 – எக்ஸ் ரெஜிஸ்டரில் ஏற்று
10100111 – ?

கடைசி இரண்டு பிட்டும் 1 ஆனதும் இரண்டு வேலையும் சேர்ந்தே நடக்கும். ஒரே மதிப்பு ஏ-விலும் எக்ஸ்-இலும் போய் உட்காரும். யாரும் திட்டமிடாத கட்டளை! முதன்முதலில் இது புரிந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் எல்லாமே இப்படி நல்ல பிள்ளைகள் இல்லை. பன்னிரண்டு குறியீடுகள் சிப்பை அப்படியே உறைய வைக்கும். ரீசெட் செய்தால்தான் மீளும். இன்னும் சில, ஒவ்வொரு சிப்பிலும் ஒவ்வொரு விடை தரும்.

சரி, எதை எடுப்பது? நிரலில் பயன்படுத்த 8085-இன் பத்துதான் என் தேர்வு. சிப்பின் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிய வேண்டுமென்றால் 6502-க்கு ஈடில்லை. வாங்கும்போது மட்டும் எண்ணைக் கவனியுங்கள். 65-க்கும் 02-க்கும் நடுவில் 'சி' இருந்தால் இந்த வித்தை ஒன்றும் பலிக்காது. அதில் பழைய மறைவுக் கட்டளைகளை எடுத்துவிட்டு, சிலவற்றின் இடத்தில் புதியவற்றை வைத்தார்கள், மற்றவற்றை ஒன்றும் செய்யாதவையாக்கிவிட்டார்கள்.