ஒற்றைத் தலைவலிக்கு அக்குபஞ்சரும் சீன மூலிகையும்: இரண்டு வருட அனுபவம்

மாதத்தில் எட்டு ஒன்பது நாள் ஒற்றைத் தலைவலியில் சுருண்டு கிடந்தவள் நான். இரண்டு வருடமாக ஓர் இயற்கை மருத்துவ நிலையத்துக்குப் போய்வருகிறேன். ஊசி விஷயத்தில் எனக்குத் திருப்தி. மூலிகை விஷயத்தில் பயந்து போயிருக்கிறேன்.

முதல் நாள் தூக்கம், பசி, மாதவிடாய் எல்லாம் விசாரித்து, இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொன்னார்கள். ஊசி கால் மில்லிமீட்டர் பருமன்தான். குத்தும்போது கொசுக்கடி அளவுக்குக்கூட இல்லை. ஆனால் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையில் இறக்கி லேசாகத் திருகியதும், கனமான ஒரு குடைச்சல் மணிக்கட்டு வரை ஊர்ந்தது. இந்த உணர்வு வரவேண்டும் என்றுதான் அவர்கள் காத்திருப்பார்களாம். (கர்ப்பிணிகளுக்கு இந்தப் புள்ளியை வழக்கமாகத் தவிர்ப்பார்கள், சந்தேகம் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.)

முதல் நான்கு சிட்டிங்கில் ஒரு மாற்றமும் இல்லை. பத்து முடிந்தபோது, தலைவலி வந்த நாட்களைக் குறித்துவைக்கும் என் நோட்டில் மாதக் கணக்கு ஐந்தாகியிருந்தது. பிறகு நான்கு. நடுவில் மூன்று மாதம் நிறுத்தினேன், பழையபடி ஏறிவிட்டது. 2016இல் வெளியான காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் சர்வதேச அமைப்பு) ஆய்வுத் தொகுப்பில், உண்மையான ஊசி போட்டவர்களில் 100க்கு 50 பேருக்கும் போலி ஊசி (ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா பெயருக்குப் போடுவது) போட்டவர்களில் 41 பேருக்கும் தலைவலி பாதியாகக் குறைந்தது என்று இருக்கிறது. வித்தியாசம் சின்னதுதான். எனக்குக் கிடைத்த நிம்மதியில் எவ்வளவு ஊசியால், எவ்வளவு நம்பிக்கையால் என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனாலும் அந்த நான்கு நாட்கள் எனக்குப் பெரிய விஷயம்.

இனி கஷாயம். வேரும் பட்டையுமாக ஒரு பொட்டலம். அரை மணி நேரம் ஊறவைத்துச் சிறு தீயில் சுண்டக் காய்ச்ச வேண்டும். நல்ல கசப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் ஓர் இனிப்பு. அந்த இனிப்புதான் அதிமதுரம். ஆறாவது வாரம் கணுக்கால் வீங்கியது, பிபி 150/96. டாக்டர், "வேறு என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதிமதுரம் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, பிபியை ஏற்றக்கூடியது. வீட்டில் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் பிபி உண்டு. நாக்கின் நிறம் வரை பார்த்த நிலையத்தில் இதை மட்டும் யாருமே கேட்கவில்லை. அந்த ஆதங்கம் இன்னும் போகவில்லை. நிறுத்திய மூன்று வாரத்தில் பிபி இறங்கியது.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சாப்பிட்ட சீன மூலிகைக் கலவையில் அரிஸ்டோலோக்கியா என்ற நச்சுச் செடி கலந்துபோய், 100க்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டதைப் பிறகுதான் படித்தேன். பெயர் எழுதித் தராத பொட்டலத்தை இனி வாங்க மாட்டேன். எழுதித் தந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் அடுப்பில் ஏற்ற மாட்டேன்.

இப்போது மாதம் ஒரு சிட்டிங், ஊசி மட்டும். ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் ஊசி பாக்கெட்டை என் கண்முன்னே பிரிக்கச் சொல்கிறேன். டாக்டர் கொடுத்த தலைவலி மாத்திரையை விடவில்லை. முன்பு மாதம் ஒரு அட்டை தீரும். இப்போது ஓர் அட்டை மூன்று மாதம் வருகிறது.