பான்ஷீயா, சேஞ்ச்லிங்கா: ஐரிஷ் திகில் நாவலுக்கு எந்தக் கரு?

அயர்லாந்தின் நாட்டார் மரபிலிருந்து திகில் நாவல் எழுத முனைபவருக்கு இரண்டு கருக்கள் எளிதில் கைக்கு எட்டும்: மரணத்தை முன்னறிவித்து அழும் பான்ஷீ ஒன்று, மனிதரைக் கவர்ந்துகொண்டு மாயக்குலத்தார் அவர் உருவில் விட்டுச்செல்லும் சேஞ்ச்லிங் மற்றொன்று.

பான்ஷீ, 'ஓ', 'மக்' என்று பெயர் தொடங்கும் பழைய குடும்பங்களைத் தொடர்பவள் என்பது நம்பிக்கை. வழியில் கிடக்கும் சீப்பு அவளுடையதாக இருக்கலாம், எடுக்கக் கூடாது என்பார்கள். குரலாலேயே அச்சமூட்டும் அவள் கொல்வதில்லை, அறிவிப்பதோடு சரி. சிறுகதைக்குப் போதுமான அவளால் ஒரு நாவலின் பாரத்தைச் சுமக்க முடியுமா என்பது ஐயமே.

சேஞ்ச்லிங் அப்படியன்று. 1895 மார்ச்சில், டிப்பரேரி கவுண்டியின் பாலிவாட்லி என்ற சிற்றூரில், நோயுற்றிருந்த தையற்காரி பிரிஜெட் கிளியரிக்கு, 'இவள் என் மனைவியே அல்லள்' என்று சொன்ன கணவன் மைக்கேல், பாலில் காய்ச்சிய மூலிகையை உறவினர் துணையோடு வலுக்கட்டாயமாகப் புகட்டி, மறுநாள் இரவு அவளை எரித்தான்; பிறகு, உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று மாயக்குலத்தாரின் உறைவிடமாக நம்பப்பட்ட, அருகிலிருந்த பழைய மண்கோட்டையில் காத்திருந்தான். நீதிமன்றம் அவனுக்கு 20 ஆண்டுச் சிறை விதித்தது.

மாயம் உண்மையா, வீட்டாரின் வெறியா என்ற கேள்வியை இறுதிவரை இழுத்துச்செல்ல இக்கரு இடம்தருவதால் என் தேர்வு இதுவே. ஆனால், உண்மையில் மாண்ட ஒருத்தியின் கதை இது என்பதால், ஊரையும் பெயரையும் மாற்றிப் புனைவதே முறை.