1996 ஸ்கி நாட்டிக்கில் புது ஸ்டீரியோ: ஒரு கோடை முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகு

நீர்ச்சறுக்குக்கு ஆளை இழுத்துப் போகும் பழைய ஸ்கி படகு வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதுப் படகு வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

எங்களுடையது 1996 ஸ்கி நாட்டிக். புளோரிடாவின் கரெக்ட் கிராஃப்ட் கட்டியது. படகின் நடுவே ஒரு பெட்டிக்குள் ஃபோர்டின் 5.8 லிட்டர் ஜிடி-40 எஞ்சின். அதை ஒட்டி, கயிறு மாட்டுகிற தூண். எடை குறைவு, பின்னால் எழும் அலையும் சின்னது. ஒற்றை ஸ்கியில் மிதவைகளை வளைத்து வளைத்துச் சுற்றிப் போகும் ஸ்லாலம் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல படகு வேண்டியதில்லை என்பது என் கணவரின் முடிவு, என்னுடையதும்தான். அவர் ஸ்கி போவார், நான் ஓட்டுவேன். எங்கள் பையன் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து அப்பாவைக் கவனித்துக்கொள்வான்.

மினசோட்டாவுக்குப் பத்தாயிரம் ஏரி நாடு என்று பெயர். ஆனால் நாங்கள் இருக்கும் ராச்செஸ்டரில், ஓல்ம்ஸ்டெட் கவுண்டி முழுக்கத் தேடினாலும் இயற்கையான ஏரி ஒன்றுகூடக் கிடையாது. படகை இழுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் லேக் சிட்டிக்குப் போக வேண்டும். அங்கேதான் மிசிசிப்பி ஆறு அகன்று லேக் பெப்பின் ஆகிறது. 1922-இல் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன் எட்டடிப் பலகை இரண்டைக் காலில் கட்டிக்கொண்டு முதன்முதலில் நீர்ச்சறுக்கு விட்டது அந்தத் தண்ணீரில்தான். பலகையின் முனை மேல்நோக்கி வளைய வேண்டும் என்பதற்காக அம்மாவின் செம்புக் கொப்பரையில் அதை வேகவைத்தானாம். கரையில் படகை இறக்கும்போதெல்லாம் அந்தக் கொப்பரை எனக்கு ஞாபகம் வரும்.

சரி, ஸ்டீரியோவுக்கு வருகிறேன்.

படகோடு வந்தது ஒரு கார் ரேடியோ. தண்ணீர் படாமல் இருக்கட்டும் என்று அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கதவு. காலடியில் இரண்டு காகிதக் கூம்பு ஸ்பீக்கர். ஓரத்து ஃபோம் உதிர்ந்து, பாட்டுக்குப் பதில் கரகரப்புதான் வந்தது. நான் முதலில் செய்த தவறு, இணையத்தில் ‘மரைன்’ என்று போட்டு மலிவாக விற்ற ஸ்பீக்கர் இரண்டை வாங்கி அதே இடத்தில் மாட்டியது. பேர் சொல்ல வேண்டாம். ஒரே கோடையில் திருகாணி துருப்பிடித்து, வெள்ளை கிரில்லில் பழுப்புக் கோடு வழிந்தது. சத்தமும் முன்பைவிடப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை.

அந்த ஆகஸ்டில்தான் அது நடந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, நங்கூரம் போட்டு, புளிசாதம் சாப்பிட்டபடி இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டோம். கிளம்பலாம் என்று சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காற்று ஏறிக்கொண்டிருந்தது. பெப்பின் அகலமான ஏரி, காற்றடித்தால் அலை சீக்கிரம் பெரிதாகும். பையனுக்கு அப்போது ஒன்பது வயது. மீன்பிடிக்க வந்த ஒரு பெரியவர் தன் படகை ஒட்டி நிறுத்தி, பேட்டரிக்குக் கம்பி கொடுத்து எங்களைக் கிளப்பிவிட்டார். அன்று இரவே, மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற ட்வின் சிட்டீஸ் பக்கம் ஒரு கடையில் விலை கேட்டோம். தலைக்கு மேலே டவர், அதில் இரண்டு பெரிய ஸ்பீக்கர், இரண்டு ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் என்று 5,000 டாலருக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். பெரிய அலை எழுப்பி அதில் பலகையோடு துள்ள விடும் வேக்போர்டு படகுக்கு அது பொருந்தும். ஸ்லாலம் படகின் தலையில் டவரைச் சுமத்துவது எனக்குச் சம்மதம் இல்லை. அந்தச் சீட்டில் பேட்டரியைப் பற்றியும் பழைய வயரைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

நான் மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கிறவள். அப்பா வத்தலக்குண்டு பக்கம் மைக் செட் வைத்திருந்தார். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். அதனால் வேலையை நானே செய்வது என்று பிப்ரவரியில் கராஜில் இறங்கினேன்.

முதலில் கையில் எடுத்தது வோல்ட் மீட்டர். பேட்டரி முனையில் 12.6. சத்தத்தைக் கூட்டி வைத்து ரேடியோவின் பின்பக்கம் பார்த்தால் 11.3. வழியிலேயே 1.3 வோல்ட் காணாமல் போகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, ஒட்டுப்போட்ட இடத்தின் கறுப்பு டேப்பைப் பிரித்தேன். டேப்பின் பசை தேன்மாதிரி விரலில் ஒட்டியது. உள்ளே கம்பி முழுக்கக் களிம்பு. தேய்க்காத செம்புப் பானையில் ஏறுமே, அதே பச்சை. லேசாக முறுக்கியதும் இழைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன, நடுவில் கம்பி கறுத்துப் போயிருந்தது. இந்தக் கம்பி வழியாக எந்த உயர்ந்த ஸ்டீரியோவுக்கும் மின்சாரம் போய்ச் சேராது.

படகுக்கு விற்கும் வயர் வெள்ளீயம் பூசியது. நம் ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோமே, அதே தத்துவம்தான். ஈரம் செம்பைத் தொடாது. விலை கூடத்தான். ஆனால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஆம்ப்ளிஃபயருக்கு 4 கேஜ் என்ற தடித்த வயர் போட்டேன். இணைப்புகள் எல்லாவற்றையும் கிரிம்ப் செய்து, அதாவது உலோக முனைக்குள் கம்பியை வைத்து நெரித்து, உள்ளே பசை தடவிய சுருங்கு குழாயைச் சூடாக்கி மூடினேன். கையில் சால்டரிங் அயர்ன் இருக்கிறதே என்று அதை மட்டும் நம்பக் கூடாது. படகு குலுங்கக் குலுங்க, சால்டர் முடியும் இடத்தில் கம்பி முறியும். படகு மின்வேலைக்கு விதி வகுக்கும் ஏபிஒய்சி அமைப்பும் சால்டரை மட்டுமே இணைப்பாக வைக்கக் கூடாது என்கிறது. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பேட்டரியிலிருந்து நேராக வரும் கம்பி உறைக்குள் இருந்தால் 72 அங்குலம் வரை தள்ளி வைக்கலாம். இவை எல்லாம் நெருப்போடு சம்பந்தப்பட்டவை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, எஞ்சின் பெட்டியின் அடியில் தேங்கும். அதனால் இடம் இருக்கிறதே என்று ஆம்ப்ளிஃபயரை அங்கே வைத்துவிடாதீர்கள். நான் டேஷுக்கு அடியில், தண்ணீர் நிற்காத உயரத்தில், ஸ்டார்போர்டு என்கிற பிளாஸ்டிக் பலகையில் பொருத்தினேன்.

இனி வாங்கிய பொருட்கள்.

ரேடியோ, ஃபியூஷன் ஆர்ஏ70. ப்ளூடூத், எஃப்எம், இரண்டு பகுதிகளாகச் சத்தத்தைப் பிரிக்கும் வசதி, இது போதும். ஈரக் கையோடு திருகப் பெரிய குமிழ் இருப்பதுதான் எனக்கு முக்கியம். தொடுதிரைகள் எனக்கு ஒத்துவரவில்லை, கையிலிருந்து சொட்டும் தண்ணீரையும் விரல் என்றே அவை நினைத்துக்கொள்கின்றன. பழைய ரேடியோவின் ஓட்டை இதைவிடப் பெரியது. மீதமிருந்த ஸ்டார்போர்டில் ஒரு தகடு வெட்டி மூடினேன், கறுப்பு டேஷில் கறுப்புத் தகடு என்பதால் கண்ணை உறுத்தவில்லை.

ஆம்ப்ளிஃபயர், ஜேஎல் ஆடியோ எம்எக்ஸ்500/4. நான்கு சேனல், 4 ஓமில் ஒவ்வொன்றுக்கும் 70 வாட். இது ஆர்எம்எஸ் கணக்கு, அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட். பெட்டியில் பெரிதாக அச்சடிக்கும் ‘பீக்’ எண்ணை நம்பி எதையும் வாங்காதீர்கள். வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது கொஞ்சம்தான் தெரியும். இந்த ஆம்ப் சின்னது, வெயிலிலும் அளவாகத்தான் சூடாகிறது. மூன்று மாதத்தில் ஒருமுறைகூடத் தானாக அணையவில்லை.

ஸ்பீக்கர், அதே ஜேஎல் ஆடியோவின் எம்3 வரிசையில் 6.5 அங்குலம், நான்கு. இரண்டு காலடியில், இரண்டு பின் இருக்கையின் இரு ஓரத்தில். பழைய ஓட்டைகள் 5 அங்குலம், அவற்றைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. 29 வருஷத்துப் பளபளப்பில் ரம்பத்தை வைக்கக் கை வரவில்லை. காகித டேப் ஒட்டி, வட்டமாக ஓட்டை போடும் ஹோல் சாவைத் தலைகீழாகச் சுற்றவிட்டு மேல்பூச்சை மட்டும் மெல்ல அறுத்த பிறகே நேராகச் சுற்றவிட்டேன். நான்கில் ஒன்றுகூட ஓரம் பெயரவில்லை. ஃபைபர் தூசி பொல்லாதது, முகமூடி இல்லாமல் இறங்க வேண்டாம்.

கடைசியாக, என்னைக் கேட்டால் முதலாவதாக வாங்க வேண்டியது, ப்ளூ சீ சிஸ்டம்ஸின் இரட்டை பேட்டரிக் கிட். ஒரு சுவிட்ச், ஒரு தானியங்கி ரிலே. எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, பாட்டுக்குத் தனியாக, நிறைய இறங்கி மறுபடி ஏறினாலும் தாங்கும் டீப்-சைக்கிள் ஏஜிஎம் வகை பேட்டரி ஒன்று. எஞ்சின் ஓடி வோல்ட் 13-ஐத் தாண்டினால் ரிலே இரண்டையும் சேர்த்து சார்ஜ் ஏற்றும். எஞ்சினை அணைத்து வோல்ட் இறங்கினால் பிரித்துவிடும். பாட்டு எவ்வளவு நேரம் ஓடினாலும் எஞ்சின் பேட்டரியைத் தொடாது. மிதமான சத்தத்தில் எங்கள் செட் சராசரியாக 8 ஆம்பியர் இழுக்கிறது. மூன்று மணி நேரம் என்றாலும் பேட்டரி பாதிக்குக் கீழே போவதில்லை. என் படகின் ஆல்டர்னேட்டர் 51 ஆம்பியர்தான். அதனால் பாட்டு பேட்டரி ரொம்ப இறங்கிய நாளில் வீட்டுக்கு வந்ததும் சார்ஜரில் போட்டுவிடுவேன்.

எல்லாம் மாட்டி, மே மாதம் தண்ணீரில் இறக்கி எஞ்சினைப் போட்டால் ஸ்பீக்கரில் ‘ஙீ’ என்று ஒரு ஊளை. வேகம் கூடக் கூட ஊளையும் உச்சத்துக்குப் போனது. ஃபில்டர் வாங்கு என்றார்கள், வயரை மாற்று என்றார்கள். இரவு அப்பாவுக்கு வீடியோ காலில் படகைக் காட்டினேன். அவர் ஸ்கி படகைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

“எர்த்த எங்கம்மா குடுத்திருக்க?”

ஆம்ப்ளிஃபயருக்குப் பேட்டரியில், ரேடியோவுக்கு டேஷில் என்றேன்.

“ஆளுக்கொரு எடத்துல குடுத்தா ஊளையிடத்தான் செய்யும். ரெண்டையும் ஒரே எடத்துக்குக் கொண்டு வா.”

மறுநாள் ரேடியோவின் கறுப்புக் கம்பியை டேஷிலிருந்து கழற்றி, ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு ஒரே முனையில் சேர்த்தேன். ஊளை நின்றது. வேறு எதுவும் வாங்கவில்லை.

சத்தம் எப்படி என்றால், நங்கூரம் போட்டு உட்கார்ந்தால் அவ்வளவு தெளிவு. இளையராஜாவின் எண்பதுகள் பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகுமே, அது விரல் விரலாகக் கேட்கிறது. நாதஸ்வரம் கூர்மையாக, ஆனால் குத்தாமல் வருகிறது. ஸ்லாலம் வேகமான 58 கிலோமீட்டரில் கதை வேறு. காற்றும் எஞ்சினும் பேஸை முழுக்க விழுங்கிவிடும், குரல் மட்டும் நிற்கும். திறந்தவெளியில் அப்படித்தான். கார்மாதிரி நான்கு பக்கமும் அடைத்து பேஸைத் தாங்கிப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. அப்பாவின் குழாய் ஸ்பீக்கரில் ஊர்க் கடைசி வரை போனதும் குரல்தானே. சப்வூஃபர் வேண்டுமா என்று கோடை முழுக்க யோசித்தேன். அதற்கான இடத்தில் இப்போது மூன்று லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, அவை அங்கேயே இருக்கட்டும்.

மொத்தச் செலவு 1,800 டாலரை நெருங்கிவிட்டது. அதில் மூன்றில் ஒரு பங்கு பேட்டரி, கிட், வயர், ஃபியூஸ் என்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போனது. பணம் ஒரேயடியாகக் கையில் இல்லை என்றால் அந்தப் பங்கை இந்தக் குளிர்காலத்தில் செய்யுங்கள், ஸ்பீக்கரை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். நல்ல கம்பி போட்டதுமே பழைய ரேடியோகூடக் கொஞ்சம் தெளிந்து பாடியது, அதை நான் கேட்டேன். வேலை ஆறு வார இறுதிகள் எடுத்தது.

இரண்டு பகுதி வசதியை நான் அதிகம் பயன்படுத்துவேன் என்று வாங்கும்போது நினைக்கவில்லை. பின் ஸ்பீக்கரைத் தனியாகப் பூஜ்யத்துக்கு இறக்கி, என் காலடியில் மட்டும் மெல்லப் பாடவிட்டு ஓட்டுகிறேன். பையன் “அப்பா விழுந்துட்டார்மா!” என்று கத்தினால் உடனே காதில் விழ வேண்டும். அவரைத் தேடித் திரும்பும்போது குமிழை ஒரே திருகில் முழுக்க இறக்கிவிடுவேன். எஞ்சின் மட்டும் மெதுவாக முனகும். தண்ணீரிலிருந்து அவர் ஸ்கியின் முனையைத் தூக்கிக் காட்டி, கயிறு இறுகியதும் “ஹிட் இட்!” என்பார், கிளப்பு என்று அர்த்தம். அது தெளிவாகக் கேட்கிறது.